முதலில் மலை, அப்புறம் கடல்: கோவையிலிருந்து கோகர்ணம் வரை

ஒரே பயணத்தில் மலையும் ஏற வேண்டும், கடலுக்குள்ளும் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ரூமையும் வண்டியையும்தான் முதலில் பேசுகிறார்கள். அதற்கு முன்னால் பேச வேண்டியது வரிசை. மலை எந்த நாள், ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு கடலுக்குள் முழுகுவது) எந்த நாள், ஸ்கூபா முடிந்தபின் எந்தப் பாதையில் வீடு திரும்புவது. நானும் மாமாவும் மாமா பையனும் கோவையிலிருந்து கேரள, கர்நாடகக் கரையோரமாகக் கோகர்ணம் வரை காரில் போய்வந்தோம். கிளம்புவதற்கு முன் வீட்டில் நடந்த வாதம் முழுக்க இந்த வரிசையைப் பற்றித்தான்.

காரணம் நைட்ரஜன். தண்ணீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது, அதிலுள்ள நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மேலே வந்தபிறகு அது மெல்ல மெல்ல மூச்சு வழியாக வெளியேறும். முழுக்க வெளியேறுவதற்குள் உயரமான இடத்துக்குப் போய்விட்டால், அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால், கரைந்திருந்த வாயு குமிழிகளாகப் பிரியலாம். மூட்டு வலியில் தொடங்கி நரம்புகளைப் பாதிப்பது வரை போகக்கூடிய சிக்கல் அது. ஸ்கூபா முடித்த கையோடு விமானம் ஏறக்கூடாது என்று சொல்வதும் இதனால்தான். ஒரே ஒரு முழுக்கு என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல முழுக்குகள் என்றால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது டான் என்ற முழுகுவோர் பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டல். விமானத்தை வைத்துச் சொன்ன அந்தக் கணக்கு 2000 அடியில், அதாவது சுமார் 600 மீட்டரில், தொடங்கிவிடுகிறது. மலைப்பாதையில் காரில் ஏறினாலும் உடம்புக்கு அதே உயரம்தான்.

இப்போது மேற்குக் கரையின் வரைபடத்தைப் பாருங்கள். கடலை ஒட்டியே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. மங்களூருவிலிருந்து ஷிராடி மலைப்பாதை ஏறினால் சக்லேஷ்பூர் 900 மீட்டருக்கு மேல். உடுப்பியிலிருந்து ஆகும்பே ஏறினால் சுமார் 650 மீட்டர். பெங்களூரு 900 மீட்டரைத் தாண்டிய ஊர். ஸ்கூபாவுக்காகப் போகும் கர்நாடகக் கடற்கரை ஊரான முருடேஸ்வரில் காலையில் முழுகிவிட்டு அன்று இரவே பெங்களூரு பஸ்ஸில் ஏறுகிறவர்கள் நிறைய. ஆழம் குறைந்த ஒற்றை முழுக்குக்கு ஆபத்து குறைவு என்பது உண்மைதான். ஆனாலும் படகிலிருந்து இறங்கிய சில மணி நேரத்தில் மலை ஏறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஓர் இரவு கடற்கரையில் படுத்து எழுந்து போனால் என்ன குறைந்துவிடப் போகிறது?

கோவைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு பெரிய வரம் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய். மலைத்தொடர் அந்த இடத்தில் விட்டுப்போன இடைவெளி வழியாக, எந்த உயரமும் ஏறாமல் கடற்கரைக்குப் போய் அதே வழியில் திரும்பிவிடலாம். கோவையே 411 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. மைசூரு வழியாகப் போனால் தூரம் குறையுமா என்று மச்சான் கூகுள் மேப்பில் தேடிக்கொண்டிருந்தான். போகும்போது எந்த வழியில் வேண்டுமானாலும் போகலாம், வரும்போது கடலோரம்தான் என்று முடிவெடுத்தோம். கடைசியில் போனதும் அந்த வழியிலேயே.

வாளையார், பாலக்காடு, மண்ணார்க்காடு, பெரிந்தல்மண்ணா, கோழிக்கோடு. அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலை 66. மும்பை அருகே பன்வேலில் தொடங்கி கன்னியாகுமரியில் முடிகிற சாலை இது. கேரளப் பகுதியில் அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருப்பதால் ஒரு மணி நேரத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று வீட்டிலிருந்து கணக்குப் போட முடியாது. 2024 மார்ச்சில் திறந்த தலச்சேரி மாஹே புறவழிச்சாலை மட்டும் பெரிய நிம்மதி. முன்பெல்லாம் மாஹே ஊருக்குள் நின்று நின்று போக வேண்டும். கோகர்ணம் வரை சுமார் 650 கிலோமீட்டர். ஒரே மூச்சில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் பேக்கல் பக்கம் இரவு தங்கினோம். இருட்டிய பிறகு இந்தச் சாலையில் ஓட்ட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. மீன் லாரிகளிலிருந்து வழியும் தண்ணீர் சாலையை வழுவழுப்பாக்கிவிடுகிறது. வேலை நடக்கும் இடங்களில் பாதை திடீரென்று பக்கத்துச் சாலைக்குத் திரும்புகிறது. எதிர்த்திசையில் விளக்கில்லாமல் வரும் இருசக்கர வண்டிகளும் உண்டு.

மழைக்காலத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பயணத்தை யோசிக்கவே வேண்டாம். அந்த மாதங்களில் கடல் முழுகுவதற்கு உகந்ததாக இருக்காது, படகும் போகாது. சாலையும் பாதுகாப்பில்லை. 2024 ஜூலை 16 அன்று அங்கோலா அருகே ஷிரூரில் நெடுஞ்சாலை மேலேயே மலை சரிந்து விழுந்து உயிர்கள் போயின. கோழிக்கோட்டுக்காரர் ஓட்டிவந்த லாரியைக் கங்காவளி ஆற்றுக்குள்ளிருந்து எடுக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. சாலைக்காக வெட்டிய மலைச்சரிவின் கீழ் டீக்கடை இருக்கிறது, நிழல் இருக்கிறது என்று வண்டியை நிறுத்தாதீர்கள். மழை இல்லாத மாதத்திலும் எனக்கு இது பழக்கமாகிவிட்டது. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். நாங்கள் போனது டிசம்பரில்.

மலைக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது கொடசாத்ரி, 1343 மீட்டர். அதன் அடிவாரத்தில்தான் கொல்லூர் மூகாம்பிகை கோயில். எம்.ஜி.ஆர். தங்க வாள் காணிக்கை கொடுத்த கோயில் என்பதால் தமிழ்நாட்டில் பலருக்கும் தெரிந்த பெயர்; மாமா இந்தப் பயணத்துக்கு ஒத்துக்கொண்டதற்கே முதல் காரணம் அந்தத் தரிசனம். கொல்லூரிலிருந்து ஜீப்புகள் மலை மேலே போகின்றன. கடைசிச் சில கிலோமீட்டர் கல்லும் குழியுமான பாதை, சொந்தக் காரை அங்கே கொண்டுபோக நினைக்காதீர்கள். நடந்து ஏற விரும்புகிறவர்களுக்கு நிட்டூர் பக்கமிருந்து ஹிட்லுமனே அருவி வழியாகத் தடம் இருக்கிறது. மாமா ஜீப்பில் போக, நானும் மச்சானும் நடந்தோம். வயது கலந்த குழுவுக்கு இந்த மலை பொருத்தம் என்று நான் சொல்வது இதற்காகத்தான். எல்லாரும் ஒரே வேகத்தில் ஏற வேண்டியதில்லை, மேலே மூல மூகாம்பிகை கோயிலில் சந்தித்துக்கொள்ளலாம்.

ஹிட்லுமனே வழி அருவிப் பாறைகளை ஒட்டி ஏறுகிறது. நவம்பரிலும் ஈரம் காய்ந்திருக்காது. அடிப்பாகம் தேய்ந்த ஷூ இங்கே ஆபத்து. கையில் ஒரு குச்சி இருந்தால் பாறையில் பாரத்தை மாற்றி வைக்க வசதி. அட்டைகளுக்கு நாங்கள் புகையிலைத் தூளும் உப்பும் சேர்த்துத் துணியில் கட்டி எடுத்துப்போனோம். அதைவிடப் பலன் தந்தது, பேண்ட்டின் அடியை நீளமான சாக்ஸுக்குள் செருகிவிட்டு நிற்காமல் நடந்தது. அருவியைத் தாண்டியதும் காடு முடிந்து புல்வெளி வருகிறது. அதற்கப்புறம் நிழலே இல்லை. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் அதிகம் என்று மச்சான் கீழே முணுமுணுத்தான். மேலே போய்ச் சேர்வதற்குள் அவன் பாட்டில்கள் காலி. கர்நாடகத்தில் இப்போது பல மலைத்தடங்களுக்கு வனத்துறையின் இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. வாரக்கடைசி என்றால் இடம் சீக்கிரம் நிரம்பும். கிளம்பும் முன்பே அதைப் பார்த்து முடித்துவிடுங்கள்.

உச்சியில் சர்வக்ஞ பீடம் என்ற சின்னக் கல் மண்டபம். ஆதி சங்கரர் தவம் செய்த இடம் என்பது நம்பிக்கை. வானம் தெளிவாக இருந்தால் மேற்கே அரபிக்கடல் தெரியும். எங்களுக்குத் தெரிந்தது. "நாம அதுக்குள்ளதான் இறங்கப் போறமா மாப்ள?" என்று மாமா கேட்டார். மலையை முதலில் வைத்ததில் எனக்கு அப்போதே முழுத் திருப்தி.

மலைக்கும் ஸ்கூபாவுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி விடுங்கள். மலை இறங்கியதில் கெண்டைக்கால் பிடித்திருக்கும்; அதே காலில் ஃபின்ஸ் என்ற துடுப்புக் காலணியை மாட்டித் தண்ணீரில் உதைத்தால் தசை இழுத்துக்கொள்ளும். அந்த நடுநாளை நாங்கள் மரவந்தேயில் செலவழித்தோம். ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் சௌபர்ணிகா ஆறு, நடுவில் நெடுஞ்சாலை. கொல்லூர்க் கோயிலை ஒட்டி ஓடுகிற அதே ஆறுதான் இது. கடலை இவ்வளவு நெருங்கி வந்தும் அங்கே சேராமல் தெற்கே திரும்பி, இன்னும் சில ஆறுகளோடு கலந்து கங்கொள்ளியில் கடலுக்குப் போகிறது. குந்தாபுரா பக்கம் மதியச் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள். சிக்கன் நெய் ரோஸ்ட் பிறந்த ஊர். நீர் தோசையும் மீன் குழம்பும் அதைவிட எனக்குப் பிடித்தது.

கடலோரக் கேம்ப்பிங் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். முதலில் இடம். கண்ட கடற்கரையில் டென்ட் அடிக்க முடியாது, கோகர்ணத்தில் வனத்துறைக்குச் சொந்தமான பகுதிகளில் அனுமதி இல்லாமல் தங்கினால் எழுப்பி அனுப்பிவிடுவார்கள். பைந்தூருக்கு முன்னால் கடலை ஒட்டிய தென்னந்தோப்பில், தோப்புக்காரரிடம் கேட்டுப் பணம் கொடுத்துத் தங்கினோம். கழிப்பறையும் கிணற்றுத் தண்ணீரும் கிடைத்தன. தென்னந்தோப்பில் முதல் வேலை அண்ணாந்து பார்ப்பது. காய்ந்த மட்டையோ தேங்காயோ விழக்கூடிய வட்டத்துக்குள் டென்ட் வேண்டாம். இரண்டாவது, அலை ஏறும் கோடு. மணலில் காய்ந்த பாசியும் குச்சிகளும் ஒரு வரிசையாகக் கிடக்கும், கடைசியாக ஏறிய அலை அதுவரை வந்தது என்று பொருள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அலை அதையும் தாண்டும். வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும், தனி ஆப் வேண்டியதில்லை.

டென்ட்டோடு வரும் மெல்லிய கம்பி ஆணிகள் மணலில் நிற்காது. உறுதியான துணிப்பையில் மணலை நிரப்பி, அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழக் குழியில் புதைத்து மேலே மிதித்துவிடுங்கள். எந்தக் காற்றுக்கும் அசையாது. பகலில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும், நள்ளிரவுக்குப் பிறகு திசை மாறிக் கரையிலிருந்து கடலுக்குப் போகும். சாயங்காலக் காற்றை மட்டும் பார்த்து வாசலை வைத்தால் விடியற்காலையில் புழுங்கும். இரண்டு பக்கமும் வலைக் கதவுள்ள டென்ட் என்றால் இந்தக் கவலை இல்லை. உள்ளே ஈரம் கோத்துக்கொள்வதும் குறையும். மேல் துணியை இறுக இழுத்து, உள் துணியைத் தொடாமல் ஒரு விரற்கடை இடைவெளி விட வேண்டும். பனி பெய்யும் கடற்கரை இரவில் இந்த இடைவெளிதான் போர்வையைக் காய வைத்திருக்கும்.

இன்னொன்று எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. குந்தாபுரா, ஹொன்னாவர் பக்கக் கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. நம் ஊரில் சென்னைக் கடற்கரைக்கு வரும் அதே ஆமைகள்தான். வெள்ளை வெளிச்சம் தாய் ஆமையைத் திரும்பிப் போக வைத்துவிடும், பொரித்து வரும் குஞ்சுகளைக் கடலுக்குப் பதிலாகத் தோப்பு பக்கம் இழுத்துவிடும். இரவில் மணலில் நடக்க வேண்டுமென்றால் சிவப்பு விளக்கு போதும். தலையில் மாட்டும் டார்ச்சுகளில் பலவற்றில் அது இருக்கிறது. இல்லாவிட்டால் டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டிக்கொள்ளலாம். பாட்டும் கேம்ப் ஃபயரும் கடற்கரை மணலில் வேண்டாம், தோப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூபாவுக்கு முந்தைய இரவு டென்ட்டைத் தவிர்த்து முருடேஸ்வரில் ரூம் எடுத்தோம். நன்றாகத் தூங்கி எழுவதும், நிறையத் தண்ணீர் குடித்திருப்பதும், மது தொடாதிருப்பதும் முழுகுவதற்கு அடிப்படை. உடம்பில் நீர் வற்றியிருந்தால் நைட்ரஜன் சிக்கலுக்கான வாய்ப்பு கூடும். மாலையில் கோயிலுக்குப் போனோம். 123 அடி சிவன் சிலையும், 237 அடி ராஜகோபுரமும் கடலுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் கந்துக மலையில் நிற்கின்றன. கோபுரத்துக்குள் லிஃப்ட் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் படகுகள் கிளம்பும் கரையும், மறுநாள் போகப்போகும் திசையும் தெரியும்.

முழுகும் இடம் நேத்ராணித் தீவு, கரையிலிருந்து ஏறக்குறைய 19 கிலோமீட்டர். தீவில் ஏற அனுமதி இல்லை, அதைச் சுற்றியுள்ள பாறைகளில்தான் முழுக்கு. கடற்படை இந்தத் தீவைக் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்குப் பயன்படுத்தி வந்திருக்கிறது. அப்படிப்பட்ட நாட்களில் படகு போகாது. கடல் கொந்தளித்தாலும் போகாது. அதனால் பயணத்திட்டத்தில் முருடேஸ்வருக்கு ஒரு நாள் கூடுதலாக வையுங்கள். இன்றைக்கு இல்லையென்றால் நாளைக்கு என்று சொல்ல இடம் இருந்தால், ஆபத்தான கடலில் போயே ஆக வேண்டும் என்ற அவசரம் யாருக்கும் வராது.

நீச்சல் தெரியாதவர்களும் இங்கே பயிற்சியாளரோடு இறங்கலாம். அறிமுக முழுக்கு என்று அதற்குப் பெயர். ஆழம் அதிகபட்சம் 12 மீட்டர். முழு நேரமும் பயிற்சியாளரின் கை உங்கள் சிலிண்டர் மேல் இருக்கும். நீச்சலைவிட முக்கியம் உடல்நிலை. ஒரு படிவம் தருவார்கள்: ஆஸ்துமா, இதயப் பிரச்சினை, காது அறுவை சிகிச்சை, வலிப்பு, கர்ப்பம் என்று கேள்விகள். ஒரு கேள்விக்கு ஆம் என்றாலும் மருத்துவரின் சான்று கேட்பார்கள். படகுத்துறையில் நின்றுகொண்டு அதற்கு எங்கே போவது? மாமா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர். அந்தப் படிவத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்லி வாங்கி, கோவையில் அவர் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டிச் சான்றோடுதான் கிளம்பினோம். ஐம்பதைத் தாண்டிய யாரையாவது கூட்டிப்போவதென்றால் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். உண்மையை மறைத்து 'இல்லை' என்று எழுதச் சொல்லும் ஆட்களும் இருப்பார்கள். அப்படி யாராவது சொன்னால் அவர்களோடு கடலுக்குப் போகாதீர்கள்.

மச்சானுக்கு அன்று காலை சளி. மூக்கடைப்பு இருந்தால் காதின் அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாது, செவிப்பறை கிழியும் அபாயம் உண்டு. மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்கலாமா என்று கேட்டான். நீருக்கடியில் மாத்திரையின் வேகம் தீர்ந்துபோனால் மேலே வரும்போது காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும் என்று பயிற்சியாளர் மறுத்துவிட்டார். அவன் வாயில் மூச்சுக்குழாய் வைத்து மேற்பரப்பில் மிதக்கும் ஸ்நார்க்கெல் மட்டும் செய்தான். முகம் வாடித்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் அவ்வளவு தெளிவு, மேலே மிதந்தபடியே எங்கள் காற்றுக்குமிழிகளைப் பின்தொடர்ந்து வந்தான்.

மாமாவின் கவலை வேறு. "இந்த மீசையோட விடுவாங்களாடா மாப்ள?" மாஸ்க்கின் விளிம்பு மேலுதட்டில் ஒட்டும் இடத்தில் முடி இருந்தால் தண்ணீர் கசியும். "விடுவாங்க மாமா, மூக்குக்குக் கீழ ஒரு கோடு மட்டும் எடுத்தாப் போதும்" என்றேன். எடுத்துக்கொண்டார். பயிற்சியாளர் அதன் மேல் கொஞ்சம் சிலிகான் கிரீஸ் தடவிவிட்டார், ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. கண்ணாடி போடுகிறவர்கள் பவர் வைத்த மாஸ்க் இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். லேசான கிட்டப்பார்வை என்றால் சமாளிக்கலாம், நீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும்.

படகு தீவுக்குப் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல். குமட்டலுக்கான மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி முன்பே போட வேண்டும், வாந்தி வந்தபின் போட்டுப் பயனில்லை. சில மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும். முழுகப் போகிறேன் என்று சொல்லி மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். காலையில் இரண்டு இட்லி போதும், எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். படகில் நடுப்பகுதியில், டீசல் புகை வராத பக்கம் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். போன் திரையைப் பார்த்தவர்கள்தான் எங்கள் படகில் முதலில் சாய்ந்தார்கள்.

கடலுக்குள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது. மேலே வரும்போது அழுத்தம் குறைந்து நுரையீரலில் உள்ள காற்று விரியும், வாயை மூடி அடக்கினால் நுரையீரல் காயப்படும். காது வலிக்கத் தொடங்கும் முன்பே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிச் சமன்செய்ய வேண்டும், ஒவ்வொரு ஓரிரு மீட்டருக்கும். வலித்தால் கொஞ்சம் மேலே வந்து மீண்டும் முயல வேண்டும். சைகையிலும் கவனம் வேண்டும். கட்டைவிரலை உயர்த்தினால் கடலுக்குள் 'மேலே போகலாம்' என்று அர்த்தம். நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும். மீனைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டைவிரலைக் காட்டியவர்களைப் பயிற்சியாளர்கள் மேலே கூட்டிவந்துவிடுவதுண்டு.

முதல் இரண்டு நிமிடம் மனம் மறுக்கும். வாய் வழியாக மட்டும் மூச்சு, அதுவும் தண்ணீருக்கு அடியில், உடம்பு இதை நம்பாது. நான் நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, என் மூச்சுச் சத்தத்தை மட்டும் கேட்டபடி எண்ணினேன். உள்ளே நாலு, வெளியே ஆறு. வெளிமூச்சு நீளும்போது படபடப்பு இறங்குகிறது. அப்புறம் கயிற்றை விட்டேன். பெரிய பெரிய பாறைகள், இடையிடையே பவளத் திட்டுகள். கிளி மீன்கள் பாறையைக் கொறிக்கும் சத்தம் காதில் விழுந்தது. அது சத்தம் போடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சீலா மீன் கூட்டம் ஒன்று எங்களுக்கு மேலே அசையாமல் நின்றது. கிளாத்தி ஒன்று தன் கூட்டின் அருகே எங்களை முறைத்துவிட்டுத் திரும்பியது. ஒரு பாறை இடுக்கில் பெரிய களவா. உக்கடம் மீன் மார்க்கெட்டில் மாமா வாரந்தோறும் வாங்கும் மீன். உயிரோடு, தன் வீட்டில், செதில் முழுக்கப் புள்ளிகளோடு அது வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்ததை மாமா விட்டு நகரவே இல்லை. பயிற்சியாளர் இழுத்துத்தான் கூட்டிப்போனார்.

எதையும் தொடாதீர்கள். பவளம் உயிருள்ளது, விரல் பட்ட இடம் செத்துப்போகலாம். அதுபோக, பாறை மாதிரியே கிடக்கும் தேள் மீனின் முள்ளில் விஷம் உண்டு. கைகளை மார்போடு சேர்த்து வைத்துக்கொள்வதே நல்ல பழக்கம்.

முழுகிய அன்று மதியம் தூக்கம், தண்ணீர், மீண்டும் தூக்கம். கடுமையான உடல் உழைப்பு அன்று கூடாது என்பதால் கோகர்ணத்துக்கு மறுநாள்தான் கிளம்பினோம். முருடேஸ்வர் கரையில் குளிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 டிசம்பரில் இங்கே பள்ளிச் சுற்றுலா வந்த நான்கு மாணவிகள் கடலில் மூழ்கி இறந்தார்கள். உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கி நேராக நீந்தக் கூடாது, களைத்துப்போவோம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து அந்த ஓட்டத்தை விட்டு வெளியேறியபின்தான் கரைக்குத் திரும்ப வேண்டும். அலை உடையாமல் அமைதியாக, கலங்கலாகத் தெரியும் இடம்தான் பெரும்பாலும் அந்த ஓட்டம் இருக்கும் இடம். குழந்தைகள் அங்கேதான் இறங்கப் பார்ப்பார்கள். காவலர் சொல்கிற எல்லைக்குள் நில்லுங்கள்.

கோகர்ணத்தில் குட்லே கடற்கரையிலிருந்து ஓம், அரைநிலா, பாரடைஸ் என்று கடற்கரைகளைக் கோத்து ஒரு நடை இருக்கிறது. ஒவ்வொரு கடற்கரைக்கும் நடுவே செம்புரைக்கல் மேடு. உயரம் அதிகமில்லை, முழுகிய மறுநாள் நிதானமாக நடக்க ஏற்ற பாதை. ஆனால் அந்தச் சிவந்த பொடிக்கல் காலடியில் உருளும். ஒரு பக்கம் நேராகக் கடல். செருப்போடு வந்து தடுமாறியவர்கள் நிறையப் பேரைப் பார்த்தோம். காலை ஏழு மணிக்குள் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் பாரடைஸ் சேர்ந்துவிட வேண்டும். திரும்பி வரச் சிலர் படகு பிடிக்கிறார்கள், பேரம் பேசிக்கொள்ளுங்கள், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள். இருட்டிய பிறகு இந்த மேடுகளில் நடப்பது வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது முறை டென்ட் அடித்தது கோகர்ணத்தை ஒட்டிய தனியார் இடத்தில். வசதியாக இருந்தது, சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. திரும்பும் வழியில் மிர்ஜான் கோட்டையில் கொஞ்ச நேரம் நின்றோம். பச்சைப் பாசி படர்ந்த செம்புரைக்கல் மதில்கள், அவ்வளவு அமைதி.

ஜோக் அருவிக்குப் போய்விட்டு சிவமொக்கா வழியாகத் திரும்பலாமே என்று மச்சான் மீண்டும் கேட்டான். அதற்குள் வேண்டிய நேரம் கடந்திருந்தது, உடம்புக்குத் தடையில்லை. ஆனால் மாமா கடலோரமாகவே போக ஆசைப்பட்டார். வழியெல்லாம் அவர் பேச்சு அடுத்த முழுக்கைப் பற்றியே இருந்தது. அறிமுக முழுக்கோடு நிற்காமல் ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படை ஸ்கூபாச் சான்றிதழ் வாங்க வேண்டுமாம், அப்போது 18 மீட்டர் வரை இறங்கலாம் என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். அதற்கு நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும், பத்து நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். ஊருக்கு வந்த கையோடு நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிட்டார். காலை ஆறு மணிக்கு என்னையும் கூட வரச்சொல்லிக் கூப்பிடுகிறார், நானும் போகிறேன்.